தை மாதக் குளிர்: பாலக்காட்டுக் காற்றா, பஞ்சாப் மூடுபனியா?

முதலமடைத் தோப்புக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

பொங்கலன்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. அக்கா மகன் ஜலந்தரில் வேலை பார்க்கிறான். காலையில் ஆறு டிகிரி, மதியம் பன்னிரண்டு, சூரியனைப் பார்த்தே நாளாச்சு என்று படம் போட்டிருந்தான். "இங்கேயும் குளிர்தான்டா, காற்று தாங்கமுடியல, காதோடு துண்டைக் கட்டிக்கொண்டுதான் தோப்புக்குள் போறேன்" என்று எழுதினேன். "மாமா, உங்க ஊரில் 22 டிகிரி. நாங்க அதில் ஃபேன் போட்டுத் தூங்குவோம்" என்று பதில் வந்தது. கூடவே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

அவன் சொன்ன எண் சரிதான். ஆனால் எனக்கு உதடு வெடித்திருப்பதும், குதிகாலில் ரத்தம் கசிவதும், மாடு வைக்கோல் போருக்கு மறைவாகப் போய் நிற்பதும் பொய்யில்லையே. இங்கே பாலக்காட்டு முதலமடையில் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். நவம்பர், டிசம்பரில் பூத்த மரத்தில் இப்போது பிஞ்சு நிற்கிறது. ராத்திரி முழுக்கக் காற்று அடித்தால் காலையில் மரத்தடியில் பிஞ்சு பரவிக் கிடக்கும். குத்தகைப் பணத்தை நினைத்துக்கொண்டே பொறுக்க வேண்டியதுதான்.

இங்கே கேரள எல்லையில் இருப்பவர்கள், ஆந்திர எல்லையில் இருப்பவர்கள், வடக்கே போய்ச் சேர்ந்தவர்கள் என்று எல்லாரும் இருக்கிறீர்கள். உங்கள் ஊரில் தை மாதம் எப்படி இருக்கிறது? டிகிரி மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அது மனுஷனை, பயிரை, வீட்டை என்ன செய்கிறது என்று எழுதுங்கள். மருமகனுக்குக் காட்ட வேண்டும்.

தேயிலைக்காடு

22 டிகிரிக்குத் தலைக்கட்டா! கோவிச்சுக்காதீங்க அண்ணா, நான் மூணாறு, செண்டுவாரைப் பக்கம். இங்கே ஜனவரியில் விடிகாலை வெளியே வைத்த பைக்கின் சீட்டில் ஐஸ் படிந்திருக்கும். நகத்தால் சுரண்டலாம். 2019 ஜனவரியில் பல நாள் பூஜ்யத்துக்குக் கீழே போனது. சுற்றுலாக்காரர்கள் பாதி ராத்திரியில் ஜீப் பிடித்து வந்து வெள்ளையாகக் கிடக்கும் புல்மேட்டில் நின்று செல்ஃபி எடுத்தார்கள்.

அவர்களுக்கு அது அழகு. எங்களுக்குக் கொழுந்து போகிற கவலை. உறைபனி விழுந்த அன்று காலையில் தேயிலை பச்சையாகத்தான் தெரியும். வெயில் ஏறி இலை மேல் பட்ட பிறகுதான் விஷயம் தெரியும். ஒன்றிரண்டு நாளில் மேல் இலையெல்லாம் தீயில் வாட்டியமாதிரி பழுப்பாகிவிடும். பிறகு கவாத்து செய்து, புதுக் கொழுந்து வர மாதக்கணக்கில் ஆகும். பெரட்டுக்களத்தில் (காலையில் ஆளெடுக்கும் இடம்) பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போனால் பறிக்கப் பச்சை இருக்காது. நீலகிரியில் சிறு விவசாயிகள் தாகைச் செடியை வெட்டித் தேயிலை மேல் பரப்பி மூடுவார்கள். ஒரு முழு எஸ்டேட்டை அப்படி மூட முடியுமா என்ன?

புள்ளிக்கணக்கு

தோப்புக்காரர் அண்ணா, நான் சித்தூர்க்காரன், உங்கள் தாலுகாதான். உங்கள் மருமகனுக்குக் காட்ட இரண்டு விஷயம்.

முதல் விஷயம் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத் எல்லையிலிருந்து கன்னியாகுமரி வரை சுவர் மாதிரி நிற்கிறது. அதில் பெரிய உடைப்பு நம் பாலக்காட்டுக் கணவாய்தான். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை காற்று கிழக்கிலிருந்து வருகிறது. கோயம்புத்தூர்ச் சமவெளியில் பரவலாக வரும் காற்று முழுக்க இந்தச் சந்துக்குள் புகுந்தாக வேண்டும். அகலம் குறைந்தால் வேகம் கூடும், அவ்வளவுதான். வருவதும் காய்ந்த காற்று. வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தைத் தமிழ்நாட்டுப் பக்கமே விட்டுவிட்டு வருகிறது. தோலில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும்போது உடம்புச் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. தெர்மாமீட்டருக்குத் தோலும் இல்லை, வேர்வையும் இல்லை. அதனால்தான் அது 22 என்று நிம்மதியாகச் சொல்கிறது.

ஜூனில் இதே கணவாய் வழியாகத்தான் ஈரக்காற்று மறுபடி கிழக்கே போய்ப் பொள்ளாச்சி, உடுமலைக் காற்றாலைகளைச் சுற்றவைக்கிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டதும் இந்தக் காற்றை நம்பித்தான்.

இரண்டாவது, அரசாங்கக் கணக்கு. இந்திய வானிலைத் துறை சமவெளியில் குளிர் அலை என்று அறிவிக்க, குறைந்தபட்ச வெப்பநிலை முதலில் 10 டிகிரிக்கு வந்தாக வேண்டும். அதோடு வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது குறைந்திருக்க வேண்டும். 4 டிகிரியைத் தொட்டுவிட்டால் வழக்கத்தைப் பார்க்காமலே குளிர் அலைதான். கடலோரத்துக்கு 15, மலைக்கு 0. இந்தக் கணக்குப்படி பாலக்காட்டுக்கு இந்த ஜன்மத்தில் குளிர் அலை வராது. மருமகன் சட்டப்படி ஜெயித்துவிட்டார்.

இன்னொன்று, அந்தத் துறைக்குக் குளிர்காலம் என்பதே ஜனவரி, பிப்ரவரி மட்டும். டிசம்பரைப் பருவமழைக்குப் பிந்தைய காலத்தில் சேர்த்துவிட்டார்கள். மார்கழி பூரா நடுங்கியவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

பலமனேர்ப் பட்டு

எந்தச் சித்தூர் என்று தெளிவாகச் சொல்லுங்க சார். நானும் சித்தூர் மாவட்டம்தான், ஆனால் ஆந்திரா. உங்கள் பெயரைப் பார்த்து நம்ம ஊர்க்காரர் என்று நினைத்துப் படித்தால் நடுவில் ஆனைமலை வருகிறது!

எங்கள் பலமனேர், குப்பம் பக்கம் ஏறத்தாழ 700 மீட்டர் உயரம். கீழே சித்தூர் டவுனிலிருந்து மொகிலி கணவாய் ஏறி வந்தாலே உடம்புக்கு வித்தியாசம் தெரியும். காற்று அதிகம் இல்லை. ராத்திரியில் அசையாமல் குளிர் இறங்கும். டிசம்பர், ஜனவரியில் 12, 13 என்று வரும். காலை எட்டு மணி வரை பெங்களூரு ரோட்டில் லாரிகள் லைட் போட்டுக்கொண்டுதான் போகும். புல்லெல்லாம் நனைந்திருக்கும்.

எங்கள் வீட்டில் குளிர் யாருக்கு வலிக்கிறது என்றால் பட்டுப்புழுவுக்கு. அதற்குச் சொந்தமாக உடம்புச் சூடு கிடையாது. சுற்றி என்ன சூடோ அதுதான் அதற்கும். இளம்புழுவுக்கு 27, 28 டிகிரி வேண்டும், வளர்ந்த புழுவுக்கு 24, 25. அதற்குக் கீழே போனால் தழையைத் தின்னாமல் அப்படியே கிடக்கும். ஒன்று தோலுரிக்கும்போது பக்கத்துப் புழு இன்னும் தின்றுகொண்டிருக்கும். ஒரே நாளில் கூடு கட்ட வேண்டியது நாலு நாளாக இழுக்கும். குளிரோடு ஈரமும் சேர்ந்தால் சுண்ணாம்புக்கட்டி நோய் வந்துவிடும். செத்த புழு வெள்ளையாக, விறைப்பாக, உடைத்தால் சாக்பீஸ் போல உடையும்.

அதனால் ஷெட்டில் ராத்திரி அடுப்பு போடுவோம். முழுக்க மூடினால் புழுவுக்கு மூச்சுமுட்டும், திறந்தால் சூடு போகும். மேல் ஜன்னலை மட்டும் ஒரு சாண் திறந்து வைத்து, இரண்டு மணிக்கு ஒருதரம், நாலு மணிக்கு ஒருதரம் எழுந்து பார்க்க வேண்டும். நான் சொல்வது அதே 13 டிகிரிதான். ஜலந்தர்க்காரர் சிரிப்பார். ராமநகரம் பட்டுக்கூட்டு மார்க்கெட்டில் ஏலம் கேட்பவர் சிரிக்க மாட்டார், விலையைக் குறைத்துவிடுவார்.

முதலமடைத் தோப்புக்காரன்

பலமனேர்க்காரரே, இதைத்தான் எதிர்பார்த்தேன். புழு ஷெட் பற்றி எழுதியதை அப்படியே எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டேன். அக்காவே "பாவம் அந்தப் புழு" என்கிறாள். மருமகன் பக்கம் இன்னும் சத்தமில்லை.

யமுனைக்கரைப் பாலக்காட்டான்

கொழிஞ்சாம்பாறையில் பிறந்து தில்லியில் குடியேறியவன். இரண்டு குளிரையும் அனுபவித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் "ராத்திரி எத்தனை டிகிரி?" என்றுதான் கேட்பார்கள். தில்லிக்கு அது தவறான கேள்வி. இங்கே மனுஷனை உட்காரவைப்பது பகல். ஜனவரியில் சராசரியாகப் பகல் 20 டிகிரி வரை போக வேண்டும். மூடுபனி கவிந்த நாளில் 12, 13 தாண்டாது. ராத்திரி 8, பகல் 13, மறுபடி ராத்திரி 8. நம்மூரில் எவ்வளவு குளிர்ந்தாலும் ஒன்பது மணிக்கு வெயில் வந்து முதுகைத் தடவும் என்ற நம்பிக்கை இருக்கிறதே, அது இங்கே இல்லை. துவைத்த ஜட்டி மூன்று நாள் ஆனாலும் காயாது. சுவர், தரை, கட்டில், சோபா எல்லாம் குளிர்ந்துபோய் நம்மிடமிருந்து சூட்டை உறிஞ்சும். பகலும் இங்கே குட்டை. டிசம்பர் கடைசியில் பத்தேகால் மணி நேரம்தான் சூரியன், பாலக்காட்டில் அப்போதும் பதினொன்றரை மணி நேரம்.

மூடுபனி எப்படி வருகிறது என்பதும் சுவாரசியம். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக மேற்கத்திய இடையூறு என்ற மேகக் கூட்டம் வரும். இமயமலையில் பனியையும் பஞ்சாபில் மழையையும் கொட்டிவிட்டுப் போகும். அது வரும்போது மேகம் போர்த்தியிருப்பதால் ராத்திரி குளிர் கொஞ்சம் குறைவு. போன பிறகுதான் வினை. வானம் தெளிந்துவிடும், காற்று நின்றுவிடும், நிலமோ மழையிலும் பாசனத்திலும் நனைந்து கிடக்கும். ராத்திரி நிலத்தின் சூடு மேலே ஓடிவிட, தரையை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து பனியாகிவிடும். மேலே கொஞ்சம் சூடான காற்று மூடிபோல உட்கார்ந்திருப்பதால், அடியில் இருப்பது புகையும் தூசியும் சேர்ந்து அங்கேயே கிடக்கும். பாகிஸ்தான் பஞ்சாப் தொடங்கி பீகார், வங்காளம் வரை ஒரே வெள்ளை. செயற்கைக்கோள் படத்தில் இமயமலை அடிவாரம் முழுக்க ஒரு பட்டையாகத் தெரியும். 50 மீட்டருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை என்றால் மிக அடர்ந்த மூடுபனி. அந்த நாளில் சாலையில் முன்னால் போகிற லாரியின் சிவப்பு லைட்தான் வழிகாட்டி. அந்த லாரிக்காரர் எதைப் பார்த்துக்கொண்டு போகிறாரோ.

கொழிஞ்சாம்பாறையில் இது எப்படி நடக்கும்? காற்று நின்றால்தானே மூடுபனி! நம் பனைமரங்களைப் பாருங்கள், இந்த மாதம் பூரா ஓலை ஓய்வதில்லை.

குடிபாலா மாஜி ராணுவம்

தம்பி, தில்லியைக் குளிர் என்று எழுதுகிறீர்கள். நான் லடாக்கில், திராஸில் எல்லாம் இருந்தவன். இப்போது குடிபாலாவில் கடலைக்காயும் கரும்பும் பயிர் செய்துகொண்டு நிம்மதியாக இருக்கிறேன்.

லே ஊரில் ஜனவரி ராத்திரி மைனஸ் 15 சாதாரணம். திராஸில் மைனஸ் 20க்கும் கீழே போகும். தண்ணீர் என்று ஒன்று கிடையாது. பனிக்கட்டியை உருக்கித்தான் டீயே போட வேண்டும். வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் இருந்த காலத்தில் வண்டியை நிறுத்தினால் டீசல் மெழுகு மாதிரி ஆகிவிடும். அடியில் தீ மூட்டிச் சூடேற்றித்தான் கிளப்புவோம். இப்போது அந்தத் தொல்லை குறைவு. மைனஸ் 33 வரை தாங்குகிற குளிர்கால டீசலை 2019இல் கொண்டுவந்தார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே வெயில் உண்டு. மூவாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் வானம் கரும்நீலமாக இருக்கும். மைனஸில் இருக்கும்போதே வெயிலில் நின்றால் கன்னம் எரியும், ஓரடி தள்ளி நிழலுக்குப் போனால் விரல் மரத்துப்போகும். மூஞ்சி கருத்துத் தோலுரிந்து ஊருக்கு வந்தால், பொண்டாட்டிக்கே அடையாளம் தெரியாது. உங்கள் பாலக்காட்டுக் காற்று மாதிரி அதுவும் காய்ந்த குளிர்தான்.

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு வேறு மாதிரி. டிசம்பர் 21இலிருந்து நாற்பது நாளைச் 'சில்லை கலான்' என்பார்கள், பெருங்குளிர்க் காலம். அது ஜனவரி 30 வரை. பிறகு இருபது நாள் சின்னக் குளிர், பத்து நாள் குட்டிக் குளிர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். தால் ஏரி ஓரமெல்லாம் உறைந்துவிடும். அங்கே ஈரக்குளிர், எலும்புக்குள் போகும். ஆனால் ஜனங்கள் அதற்குத் தயாராக இருப்பார்கள். முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஃபிரன் போட்டு, அதற்குள் காங்கிடி என்ற கனல் சட்டியை வைத்துக்கொண்டு நடப்பார்கள். கத்தரிக்காய், சுரைக்காய், தக்காளி எல்லாம் கோடையிலேயே நறுக்கிக் காயவைத்திருப்பார்கள். நாம் வெயிலில் வற்றல் போடுகிற அதே வேலைதான், பயப்படுவது மட்டும் எதிர்ப் பருவத்துக்கு.

யமுனைக்கரைப் பாலக்காட்டான்

ஐயா, உங்கள் பதிவே என் கட்சிக்குச் சாட்சி. காஷ்மீரில் தயாராக இருக்கிறார்கள் என்கிறீர்கள். ஸ்ரீநகரில் வசதியான வீட்டில் தரைக்கு அடியில் தீ மூட்டுகிற ஹமாம் அறை இருக்கும், இல்லாவிட்டால் புகாரி அடுப்பு. அங்கே வெளியில்தான் குளிர், உள்ளே ஓர் அறையாவது சூடு. தில்லி வீடு மே மாத 45 டிகிரிக்காகக் கட்டியது. மொசைக் தரை, மெல்லிய சுவர், மூடாத ஜன்னல் இடுக்கு. மதியம் வீட்டுக்குள் இருப்பதைவிட வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தேவலை என்று இருக்கும். லடாக் சிப்பாயைக் கொண்டுவந்து என் வீட்டுக் குளியலறையில் காலை ஆறு மணிக்கு நிறுத்துங்கள், அப்புறம் பேசலாம்.

வடக்கே சமவெளியிலும் எல்லாக் குளிரும் ஒரே மாதிரி இல்லை. ராஜஸ்தானில் சூரு என்ற ஊர் இருக்கிறது. கோடையில் 50 டிகிரியைத் தொடும், ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். மணல் பூமி, ஈரம் இல்லை, அதனால் ராத்திரி படுமோசமாகக் குளிர்ந்தாலும் பகலில் நல்ல வெயில். தில்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1935 ஜனவரியில் மைனஸ் 0.6. சூருவுக்கு அது ஒரு செய்தியே இல்லை.

குடிபாலா மாஜி ராணுவம்

குளியலறை விஷயத்தில் உங்களோடு சண்டை போடத் தயாராக இல்லை.

சூளூர்பேட்டை அக்கா

எல்லாரும் டிகிரியிலேயே நிற்கிறீர்கள். எங்கள் தென் ஆந்திரக் கரையோரத்துக்குக் குளிர்காலம் என்றால் புயல்தான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வங்கக்கடலில் எது உருவானாலும் சென்னைக்குப் போகுமா, நம்ம பக்கம் திரும்புமா என்று டிவியைப் பார்த்துக்கொண்டே இருப்போம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையை முழுகடித்துவிட்டு, எங்கள் கரையை உரசிக்கொண்டே மேலே போய் பாபட்லா பக்கம் கரையேறியது. அதே மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. வடக்கே டிசம்பர் என்றால் ஸ்வெட்டர், எங்களுக்கு டிசம்பர் என்றால் மண்ணெண்ணெய், மெழுகுவர்த்தி, மாடியில் தூக்கி வைத்த அரிசி மூட்டை.

தை பிறந்தால் எல்லாம் அடங்கும். அப்போது பழவேற்காட்டு ஏரிக்குப் பூநாரைகள் வந்து நிற்கும், நேலபட்டுக் குளத்தில் கூழைக்கடா கூடு கட்டும். தடா பக்கம் பைனாகுலரோடு கார்கள் வரிசையாக நிற்கும். வடக்கே குளிர் தாங்காத வாத்துகள் சில இங்கே வந்து தங்கிவிட்டுப் போகும். அதுகளுக்குக் கேட்டால் தெரியும், எது குளிர் எது இல்லை என்று.

தேயிலைக்காடு

புள்ளிக்கணக்கு சார், எனக்கு ஒரு சந்தேகம். ரேடியோவில் மூணாறு 3 டிகிரி என்றார்கள். அதே காலையில் எங்கள் லயன் வீடுகளுக்குக் கீழே புல்லெல்லாம் உறைபனி. 3 டிகிரியில் தண்ணீர் எப்படி உறையும்? இன்னொன்று, மேல் மலையில் இருக்கிற செடிக்கு ஒன்றும் ஆகவில்லை, கீழே பள்ளத்தில் ஓடையோரம் இருக்கிற செடி மட்டும் கருகியது. உயரம் போகப் போகக் குளிர் என்றுதானே படித்தோம்?

புள்ளிக்கணக்கு

தெர்மாமீட்டரைத் தரையில் வைப்பதில்லை. நாலடி உயரத்தில், வெள்ளையடித்த மரப்பெட்டிக்குள் நிழலில் தொங்கவிடுவார்கள். தெளிந்த வானம், அசையாத காற்று என்றால் தரையும் புல்லும் அந்தப் பெட்டியைவிடச் சில டிகிரி அதிகமாகக் குளிரும். பெட்டிக்குள் 3 இருக்கும்போது புல்நுனி பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும்.

பள்ளத்து விஷயம்: குளிர்ந்த காற்று கனம். ராத்திரி சரிவில் மெல்ல வழிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். அதனால் உறைபனிக்குப் பள்ளத்துச் செடிதான் முதல் பலி. கொஞ்சம் காற்று அடித்தாலும் மேல்காற்றும் கீழ்க்காற்றும் கலந்துவிடும், உறைபனி விழாது. தோப்புக்காரர் எந்தக் காற்றைத் திட்டுகிறாரோ, அந்தக் காற்று நாலு நாள் செண்டுவாரையில் அடித்தால் கொழுந்து பிழைத்துக்கொள்ளும்.

முதலமடைத் தோப்புக்காரன்

எடுத்துக்கொள்ளுங்கள் சார், இலவசமாகத் தருகிறேன். லாரி வாடகை மட்டும் நீங்கள் கொடுங்கள்.

சரி, மாங்காய்க்கு வருகிறேன். முதலமடை மாங்காய்தான் நாட்டிலேயே முதலில் சந்தைக்கு வருவதில் ஒன்று. ஜனவரி கடைசி, பிப்ரவரியிலேயே தில்லிக்கும் மும்பைக்கும் பெட்டி போகும். இங்கே மழை சீக்கிரம் விட்டு, நெல்லியாம்பதி அடிவாரத்து நிலம் காய்ந்து, ராத்திரி லேசாகக் குளிர்ந்ததும் மரம் பூத்துவிடும். (மருந்து ஊற்றிப் பூக்கவைப்பதும் நடக்கிறது, அதைப் பற்றிப் பேசினால் இழை திசை மாறும்.) அதாவது, குளிரே இல்லை என்று சிரிக்கிற ஊரில்தான் குளிர்காலத்திலேயே மாங்காய் கிடைக்கிறது. பலமனேர்க்காரரே, உங்கள் பக்கம் எப்படி?

பலமனேர்ப் பட்டு

எங்களுக்கு இப்போதுதான் பூ. கீழே பங்காருபாளையம், தாமலசெருவு பக்கம் முழுக்கக் கிளிமூக்குத் தோப்புதான், பழக்கூழ் ஆலைக்குப் போகிறது. அறுவடை ஜூன், ஜூலை. பூ நேரத்தில் காலைப் பனி கனமாக இருந்தால் சாம்பல் நோயும் தத்துப்பூச்சியும் வந்துவிடும். பூங்கொத்து கருத்து, தொட்டால் பிசுபிசு என்று ஒட்டும். உங்களுக்குக் காற்று எதிரி, எங்களுக்குக் காற்று அடிக்காததுதான் எதிரி.

உத்தரப் பிரதேசத்தில் மலிகாபாத் தசேரி மாமரமெல்லாம் இந்தக் குளிரில் சும்மா நிற்கும். பிப்ரவரி, மார்ச்சில்தான் பூக்கும்.

யமுனைக்கரைப் பாலக்காட்டான்

வடக்கே குளிர்காலத்தின் கதாநாயகன் மாம்பழம் இல்லை, கோதுமை. நவம்பரில் விதைப்பது. ஜனவரியில் மேற்கத்திய இடையூறு ஒரு நல்ல மழை கொடுத்தால் பஞ்சாப் விவசாயி தண்ணீர் பாய்ச்சும் செலவு மிச்சம் என்று சந்தோஷப்படுவார். அதே ஜனவரியில் காவிரி டெல்டாவில் மழை பெய்தால் அறுப்புக்கு நிற்கிற சம்பா சாய்ந்து முளைவிட்டுவிடும். ஒரே வாரம், ஒரே மழை, அங்கே லட்டு, இங்கே ஒப்பாரி. கோதுமைக்குக் குளிர் கடைசி வரை வேண்டும். 2022இல் மார்ச்சிலேயே வெயில் கொளுத்தி மணி சுருங்கிவிட்டது, மே மாதம் ஏற்றுமதியையே நிறுத்தினார்கள். மருமகன் ஜலந்தரில் திட்டுகிற அந்தக் குளிரில்தான் அவர் சாப்பிடும் ரொட்டி விளைகிறது.

ரப்பர்மரத்தடி

புனலூரிலிருந்து. தமிழ்நாட்டு எல்லை ஆரியங்காவுக்கு இந்தப் பக்கம். இந்த இழையில் எங்களுக்கு இடம் இருக்கிறதா தெரியவில்லை, ஏனென்றால் எங்களுக்கு இப்போதே கோடை ஆரம்பித்துவிட்டது. பகல் 34, 35. ஜனவரியில் நாட்டிலேயே அதிக வெப்பம் பதிவான ஊர் என்று புனலூர், கோட்டயம், கண்ணூர் பெயரெல்லாம் அடிக்கடி வரும். அதே பட்டியலில் சமவெளியில் மிகக் குறைவு என்று பஞ்சாபிலோ ராஜஸ்தானிலோ ஓர் ஊர் 2 டிகிரி. ஆனாலும் விடிகாலையில் ரப்பர் வெட்டப் போகும்போது நல்ல குளிர் இருக்கும், அந்தக் குளிரில்தான் பால் நன்றாக வடியும். கொஞ்ச நாளில் இலை உதிர்ந்ததும் வெட்டை நிறுத்திவிடுவோம்.

கொல்லங்கோடு மீனாட்சி விலாஸ்

எல்லாரும் அறிவாளித்தனமாகப் பேசுகிறீர்கள், எனக்கு ஒரு நடைமுறைச் சந்தேகம். வரும் ஜனவரியில் தில்லியில் நாத்தனார் வீட்டுக் கல்யாணம். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, மூட்டுவலி. பாலக்காட்டிலிருந்து கேரளா எக்ஸ்பிரஸில் கூட்டிப்போகலாமா, விமானம் நல்லதா? என்னென்ன துணி எடுக்க வேண்டும்?

யமுனைக்கரைப் பாலக்காட்டான்

அக்கா, ரயிலில் வந்தால் இந்த இழை முழுவதையும் ஜன்னல் வழியாகவே பார்த்துவிடலாம். பாலக்காட்டில் காற்றோடு ராத்திரி ஏறுவீர்கள். விடிவதற்குள் காட்பாடி, சித்தூர் (பலமனேர்க்காரரின் சித்தூர்!), திருப்பதி. அங்கே புல்லில் பனி. பகல் முழுக்க ஆந்திராவில் வியர்க்கும், விஜயவாடாவில் மோர் வாங்கிக் குடிப்பீர்கள். அன்று ராத்திரி நாக்பூர் தாண்டியதும் போர்வைக்குள் கால் இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலை ஜான்சி, ஆக்ரா பக்கம் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. அதற்குமேல் நேரம் நம் கையில் இல்லை. மூடுபனியில் சிக்னல் தெரியாததால் வண்டிகளை மெதுவாகத்தான் ஓட்டுவார்கள். சிக்னல் வருவதற்கு முன்னால் தண்டவாளத்தில் பட்டாசு கட்டி, சக்கரம் ஏறி வெடிக்கிற சத்தத்தில் ஓட்டுநருக்கு எச்சரிக்கை கொடுக்கிற பழைய ஏற்பாடு இன்னும் இருக்கிறது. இப்போது ஜிபிஎஸ் கருவியும் சேர்ந்திருக்கிறது. அம்மாவுக்கு ஏசி பெட்டியில் கீழ் பெர்த் கிடைத்தால் ரயில் போதும். கல்யாணத்துக்கு ஒருநாள் முன்னால் சேரும்படி போடாதீர்கள், இரண்டு நாள் விடுங்கள். விமானம் என்றால் மதியத்துக்கு மேல் இறங்குகிற வண்டியாகப் பாருங்கள். காலை வண்டியைத்தான் பனி முதலில் பிடிக்கும்.

துணிக்குக் கனமான ஒரே கோட்டை வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். உள்ளே தெர்மல், மேலே காட்டன் ரவிக்கை, அதன் மேல் முழுக்கை ஸ்வெட்டர், வெளியே சால்வை என்று அடுக்கடுக்காகப் போட்டால் வேண்டியபோது கழற்றலாம். புடவைக்கு உள்ளே கம்பளி லெக்கின்ஸ் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், யாருக்கும் தெரியாது. காலுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ். அம்மா வெறுங்காலோடு மொசைக் தரையில் நடந்தால் அன்று ராத்திரியே மூட்டு சொல்லிவிடும், ஆகவே வீட்டுக்குள் போட ஒரு செருப்பு தனியாக. முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று முதலில் கேளுங்கள். வடக்கே கல்யாணத்தைத் திறந்தவெளிப் பந்தலில் பாதி ராத்திரியில் வைப்பார்கள். மாலை மாற்றியதும் அம்மாவை அறைக்கு அனுப்பிவிடுங்கள்.

குடிபாலா மாஜி ராணுவம்

அம்மா, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே அறையில் கரி அடுப்பு, அங்கீட்டி என்பார்கள், வைத்துக் கொடுத்தால் அதை வைத்துக்கொண்டு கதவை மூடித் தூங்கவே கூடாது. அதில் வரும் வாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். வடக்கே ஒவ்வொரு குளிர்காலமும் அப்படிச் சாவுகள் செய்தியில் வருகின்றன. எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டர் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் வெந்நீர்ப் பை ஒன்று இங்கேயே மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டு போங்கள், படுக்கையில் கால்மாட்டில் போட்டால் நெடுநேரம் சூடு நிற்கும்.

கொல்லங்கோடு மீனாட்சி விலாஸ்

நன்றி தம்பி, நன்றி ஐயா. ரயிலுக்கே போடுகிறேன், கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால். வெந்நீர்ப் பை இன்றே வாங்கிவிட்டேன். இங்கே காற்றுக்கு இப்போதே அம்மா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.